ஹெச்ஐவியோ பால்வினை நோயோ ஒண்ணும் வந்திருக்காதுன்னு தெரிஞ்சும் பயம் போகலையா? எதுக்கு பயப்படணும், எப்ப டெஸ்ட் எடுக்கணும், எங்க நிறுத்தணும்

ராம்நாட்டுல ஒரு லேப்ல ரத்தம் எடுக்குற வேலை பாக்குறேன். தங்கச்சிமடம், மண்டபம், உச்சிப்புளி பக்கம் இருந்தும் வருவாங்க, கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டி பக்கம் இருந்தும் வருவாங்க, வந்து கவுண்டர்ல நின்னு பின்னாடி தெரிஞ்சவங்க யாராச்சும் இருக்காங்களான்னு பாத்துட்டு மெதுவா "அண்ணே, எல்லா டெஸ்ட்டும் எடுக்கணும்"பாங்க. எப்ப நடந்துச்சுன்னு கேட்டா நேத்து, முந்தாநேத்துன்னு சொல்லுவாங்க. என்ன நடந்துச்சுன்னு கேட்டா முத்தம் குடுத்தது, கையால பண்ணது, மசாஜ் சென்டர்ல யாரோ தொட்டது, காண்டம் போட்டு ஒரு தடவ, இப்படித்தான் இருக்கும். ஆனா மூஞ்சிய பாத்தா சோறு தண்ணி இறங்கி நாளாச்சுன்னு தெரியும். அவங்களுக்காகத்தான் இத எழுதுறேன். நான் டாக்டர் கெடையாது, ஆனா எந்த டெஸ்ட் எந்த நாள்ல என்ன சொல்லும், என்ன சொல்லாதுங்கறது என் தொழில், அத தெளிவா சொல்ல முடியும்.

மொதல்ல ஃபோன கீழ வைங்க. ராத்திரி ரெண்டு மணிக்கு தேடுனா வர்றதெல்லாம் முத்திப்போன கேஸோட படம், அத பாத்துட்டு உங்க ஒடம்ப பாத்தா எல்லாமே வியாதியாத்தான் தெரியும். ஒரு பேப்பர் எடுத்து நடந்தத எழுதுங்க. என்ன தேதி, எத்தன மணி. எது எதுல பட்டுச்சு. காண்டம் இருந்துச்சா, கடைசி வரைக்கும் இருந்துச்சா, கிழிஞ்சுதா. புண்ணு, ரத்தம் ஏதாச்சும் கண்ணால பாத்தீங்களா. பாத்தத மட்டும் எழுதணும், "ஒருவேள இருந்திருக்குமோ"ங்கறத எழுதக்கூடாது. ஏன்னா பயம் ஏற ஏற ஞாபகம் மாறிகிட்டே போகும், மொத நாள் காண்டம் நல்லாத்தான் இருந்துச்சுன்னு சொன்னவரே பத்து நாள் கழிச்சு கண்ணுக்கு தெரியாத ஓட்டை இருந்திருக்கும்னு சொல்லுவாரு. காண்டம் கிழிஞ்சா சாதாரணமா நல்லாவே தெரியும், ரப்பர் பிஞ்சு மேல ஏறி நிக்கும். அதனால மொத நாள் எழுதுன பேப்பர்தான் சாட்சி, பின்னாடி ராத்திரியில தோணுறது இல்ல.

எல்லாரும் பயப்படுறது ஹெச்ஐவிக்குத்தான், அதனால அதையே மொதல்ல பாப்போம். இந்தியாவுல 1986-ல நம்ம சென்னையிலதான் டாக்டர் சுனிதி சாலமன் டீம் மொதமொதல்ல இத கண்டுபுடிச்சாங்க, மருந்து கைக்கு எட்டாத அந்த காலத்து பயம் இன்னும் நம்ம வீடுகள்ல அப்படியே இருக்கு. ஹெச்ஐவி பரவுறது ரத்தம், விந்து, பெண்ணுறுப்புல சுரக்குற நீர், ஆசனவாயில சுரக்குற நீர், தாய்ப்பால், இது வழியாத்தான். எச்சில், வேர்வை, கண்ணீர், மூத்திரம் வழியா பரவாது. நல்லா இருக்குற தோலுக்குள்ள அதால போக முடியாது, வெளிக்காத்து பட்டு கொஞ்ச நேரத்துலயே தொத்துற சக்தி போயிரும். அதனால முத்தம், கட்டிப்புடிச்சது, துணிக்கு மேல உரசுனது, கையால பண்ணிக்கிட்டது, மசாஜ், லாட்ஜ் துண்டு, லாட்ஜ் பெட்ஷீட், பஸ் ஸ்டாண்டு கக்கூஸ், ஒரே பீடிய மாத்தி மாத்தி குடிச்சது, கொசுக்கடி, ஒண்ணா கடல்ல குளிச்சது, இதுல எதுலயும் ஹெச்ஐவி வராது. இதுக்கெல்லாம் ஹெச்ஐவி டெஸ்ட்டே வேண்டாம். கையில சின்ன கீறல் இருந்துச்சேன்னு கேப்பாங்க, மீன் முள்ளு குத்தாத கை நம்ம ஊர்ல எது, காஞ்சுபோன கீறல் வழியா போகாது, ரத்தம் வழிஞ்சுகிட்டு இருந்த பெரிய காயத்துல அடுத்தவரோட ரத்தம் நேரா பட்டாத்தான் அது வேற பேச்சு.

வாயால பண்ணதுல ஹெச்ஐவி வர்ற வாய்ப்பு கிட்டத்தட்ட இல்லைன்னே சொல்லலாம். காண்டமே இல்லாம உறவு வெச்சாலும் கணக்கு என்னன்னு கேளுங்க. மருந்து எடுக்காத ஹெச்ஐவி உள்ள பொண்ணோட ஒரு ஆம்பள உறவு வெச்சா 10,000 தடவைக்கு சுமார் 4 தடவ தொத்தும்னு ஆராய்ச்சிக் கணக்கு, ஆம்பளைக்கிட்ட இருந்து பொண்ணுக்குன்னா சுமார் 8 தடவ. ஆசனவாய் வழியா உள்வாங்குறவங்களுக்கு இது ரொம்ப கூட, சுமார் 138. புண்ணு இருந்தா, இல்ல அவங்களுக்கு புதுசா தொத்தி கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தா எல்லா கணக்கும் ஏறும். இதுவும் எதிர்ல இருக்குறவருக்கு கிருமி இருந்தாத்தான். அவங்களுக்கு ஹெச்ஐவி இருந்து, ஒழுங்கா மருந்து சாப்பிட்டு, ரத்தத்துல கிருமி கண்டுபுடிக்க முடியாத அளவுக்கு கொறஞ்சிருந்தா உறவு மூலமா அவங்ககிட்ட இருந்து யாருக்கும் பரவாது, இது உறுதியான விஷயம். இந்த கணக்க சொல்றது காண்டம் வேணாம்னு சொல்றதுக்கு இல்ல. காண்டம் போட்டு கடைசி வரைக்கும் இருந்த ஒரு தடவைக்காக கடலுக்கு போறத விட்டுட்டு வீட்டுல போர்வைய போத்திகிட்டு படுக்க வேண்டாம்ங்கறதுக்காக சொல்றேன்.

ஆனா ஹெச்ஐவி மட்டும்தான் வியாதின்னு நெனச்சுறாதீங்க. வாயால பண்ணாலும் வெட்டை, அதாவது கொனோரியா, தொண்டைக்கும் போகும் அங்க இருந்து கீழயும் வரும். சிபிலிஸ்னு ஒரு பால்வினை நோய், அதோட புண்ணு மேல பட்டா தோலோட தோல் பட்டே வரும். கொப்புளம் வர வெக்கிற ஹெர்பிஸ், மரு வர வெக்கிற ஹெச்பிவி, ரெண்டும் காண்டம் மூடாத எடத்துல உரசுனாலும் வரலாம். அதனால ரிஸ்க் கம்மின்னா ஒண்ணுமே இல்லைன்னு அர்த்தம் இல்ல, ஆனா இதுல வெட்டையும் சிபிலிஸும் மருந்துல முழுசா போயிரும், மத்ததையும் சமாளிக்க வழி இருக்கு. அதுக்குத்தான் டெஸ்ட்டும் தேதியும்.

72 மணி நேரம்

இந்த ஒரு எடத்துல மட்டும் அவசரப்படணும். நீங்க எழுதுன பேப்பர்ல காண்டம் இல்லாம உறவு, இல்ல காண்டம் கிழிஞ்சது, இல்ல அடுத்தவங்க போட்ட ஊசியையே போட்டுகிட்டது இப்படி ஏதாச்சும் இருந்தா 72 மணி நேரத்துக்குள்ள, முடிஞ்சா அன்னைக்கே, ராம்நாடு அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு போங்க. பெப்னு சொல்ற தடுப்பு மருந்து இருக்கு, 28 நாள் விடாம சாப்பிடணும், எவ்வளவு சீக்கிரம் ஆரம்பிக்கிறோமோ அவ்வளவு நல்லது, 72 மணி தாண்டிட்டா குடுக்க மாட்டாங்க. தேவையா இல்லையான்னு டாக்டர் முடிவு பண்ணுவாரு. ராமேஸ்வரத்துல இருந்து ராம்நாட்டுக்கு பஸ்ல வந்துரலாம், ஞாயித்துக்கிழமையா இருந்தாலும் கேஷுவால்ட்டி தொறந்துதான் இருக்கும், திங்கக்கிழம பாத்துக்கலாம்னு தள்ளிப்போட வேண்டாம். இஷ்டமில்லாம வற்புறுத்தி நடந்திருந்தா அது ஆம்பளையோ பொம்பளையோ உடனே போங்க, பொம்பளைங்களுக்கும் சின்னப் புள்ளைங்களுக்கும் இலவசமா சிகிச்ச குடுக்கணும்னு சட்டமே இருக்கு, பொம்பளைங்க 181-க்கு கூப்பிடலாம். கையால பண்ணது, முத்தம், வாயில காண்டத்தோட பண்ணது இதுக்கெல்லாம் பெப் கேட்டு அடம் புடிக்காதீங்க, தேவையில்லாத மருந்து அது.

ஒடம்பு காட்டுற பொய்யும் நெசமும்

பயந்தவங்க ரொம்ப ஏமாறுறது இங்கதான், அதனால கொஞ்சம் நீட்டி சொல்றேன். நம்ம பக்கம் பையன் போட்ல போறான், வெயில்ல நாள் பூரா வேர்க்குது, குடிக்கிறது ரெண்டு மூணு சொம்பு தண்ணி, மறுநாள் ஒண்ணுக்கு போனா எரியுது, மஞ்சளா வருது. இது நீர்க்கடுப்பு, நம்ம அப்பா தாத்தா காலத்துல இருந்து வர்றது, பனங்காட்டு ஊர்க்காரங்களுக்கு நுங்கும் எளநியும் மோரும் நான் சொல்லித்தரணும்னு இல்ல. ஆனா போன வாரம் ஏதோ நடந்திருந்தா அதே நீர்க்கடுப்பு அவனுக்கு வெட்டையா தெரியும். நல்லா தண்ணி குடிச்சு ரெண்டு மூணு நாள்ல எரிச்சல் போயிருச்சுன்னா அது பெரும்பாலும் சூடுதான். போகல, கூட சீழு மாதிரி வருதுன்னா யூரின் டெஸ்ட்டுக்கு வாங்க.

அப்புறம் தொடையிடுக்குல அரிப்பு, வட்டமா படை. உப்புத்தண்ணியில நனைஞ்ச கைலியோட மணிக்கணக்கா நின்னா பூஞ்சைப்படை வரத்தான் செய்யும், தோல் டாக்டர பாத்து களிம்பு வாங்கி போட்டா போயிரும், மெடிக்கல்ல கெடைக்கிற ஸ்டீராய்டு கலந்த க்ரீம மட்டும் போடாதீங்க, மொதல்ல கொறையுற மாதிரி இருந்துட்டு பரவி நிக்கும். ஆணுறுப்பு நுனிய சுத்தி வரிசையா குட்டி குட்டியா முத்து மாதிரி இருக்குறது நெறைய பேருக்கு வயசுக்கு வந்தப்புறம் இயற்கையா வர்ற அமைப்பு, தோல்ல மஞ்சளா சின்ன புள்ளி தெரியுறது எண்ணெய்ச் சுரப்பி. இத வாழ்க்கையில மொத தடவையா டார்ச் அடிச்சு பாக்குறதுனாலதான் புதுசா வந்த மாதிரி தெரியுது. டெட்டால் ஊத்தி கழுவுறவங்க இருக்காங்க, அது தோல புண்ணாக்கும், அந்த புண்ண பாத்து இன்னும் பயப்படுவாங்க. சீழு வருதான்னு பாக்க மணிக்கொரு தடவ பிதுக்கி பாக்குறவங்களும் இருக்காங்க, பிதுக்க பிதுக்க உள்ள செவந்து தானாவே ஏதாச்சும் ஈரம் வரும். தயவுசெஞ்சு இத நிறுத்துங்க.

காய்ச்சலும் அப்படித்தான். நடந்த மறுநாள் காய்ச்சல், ரெண்டாம் நாள் தொண்டவலின்னா அது ஹெச்ஐவியால வந்தது இல்ல, ஹெச்ஐவி தொத்துனா சில பேருக்கு பெரும்பாலும் 2-ல இருந்து 4 வாரத்துல காய்ச்சல், நெறிகட்டி, தோல்ல செவப்பு புள்ளி வரலாம், அதே காய்ச்சல் ஊர்ல சுத்துற வைரஸ்லயும் வரும், டெங்குலயும் வரும். அறிகுறிய வெச்சு ஹெச்ஐவி இருக்குன்னும் சொல்ல முடியாது, இல்லைன்னும் சொல்ல முடியாது.

நெசமாவே டாக்டர்கிட்ட காட்ட வேண்டியது என்னன்னா, மஞ்சளா பச்சையா சீழு வந்து ஜட்டியில கறை புடிக்கிறது, வெட்டையில இது பெரும்பாலும் 2-ல இருந்து 7 நாளுக்குள்ள வரும். வலியே இல்லாத ஒரு கெட்டியான புண்ணு, சிபிலிஸ்ல இது சராசரி 21 நாள்ல வரும், 10 நாள்லயும் வரலாம் 90 நாளும் ஆகலாம். இந்த புண்ணு மருந்து போடாமயே தானா ஆறிரும், ஆறிருச்சுன்னு விட்டுட்டா கிருமி உள்ள போய் உக்காந்துரும், அதனால வலிக்கலைன்னு சும்மா இருந்துறாதீங்க. கொத்துக் கொத்தா தண்ணி கோத்த கொப்புளம், எரிச்சல், வலி, இது ஹெர்பிஸ், பெரும்பாலும் 2-ல இருந்து 12 நாள். வெதை வீங்கி வலிச்சா ஒரு நாள் கூட தள்ளிப்போடாதீங்க. பொம்பளைங்களுக்கு நெறைய நேரம் ஒரு அறிகுறியும் தெரியாது, வழக்கத்துக்கு மாறா வெள்ளைப்படுதல், நாத்தம், அடிவயித்து வலி இருந்தா காட்டணும், கூச்சப்பட்டு விட்டா பின்னாடி புள்ள நிக்கிறதுலயே பிரச்சன வரலாம்.

எந்த டெஸ்ட், எந்த நாள்

நேத்து நடந்ததுக்கு இன்னைக்கு ரத்தம் குடுத்தா அந்த ரிப்போர்ட் போன மாசம் வரைக்கும் உள்ள கதையத்தான் சொல்லும், நேத்து ராத்திரி கதைய சொல்லாது. வலைய போட்டவுடனே இழுத்துப் பாத்துட்டு மீனே இல்லைன்னு சொல்ற மாதிரிதான் அது. பெப் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி டாக்டர் எடுக்கச் சொன்னா எடுங்க, மத்தபடி காச வீணாக்க வேண்டாம்.

ஹெச்ஐவிக்கு ஃபோர்த் ஜெனரேஷன் டெஸ்ட்டுன்னு கேளுங்க, அதுல கிருமியோட ஆன்டிஜெனும் நம்ம ஒடம்பு உண்டாக்குற ஆன்டிபாடியும் சேத்து பாப்பாங்க, கையில நரம்புல ரத்தம் எடுத்து லேப்ல பண்ணா 45 நாள்ல வர்ற பதில் முடிவான பதில். விரல்ல குத்தி பண்ற ரேபிட் டெஸ்ட்டுன்னா 3 மாசம். ஒருத்தர் 45 நாள்ங்கறாரு இன்னொருத்தர் 90 நாள்ங்கறாரு எத நம்புறதுன்னு கொழம்புவாங்க, ரெண்டும் சரிதான், டெஸ்ட் வேற வேற. பெப் சாப்பிட்டவங்களுக்கு இந்த கணக்கு மாறும், டாக்டர் சொல்ற தேதியத்தான் வெச்சுக்கணும். சிபிலிஸுக்கு விடிஆர்எல்னு ஒரு ரத்த டெஸ்ட், 6 வாரத்துல ஒண்ணு, 3 மாசத்துல ஒண்ணு. வெட்டைக்கும், அதே மாதிரி இன்னொரு பால்வினை நோயான கிளமிடியாவுக்கும் ரெண்டு வாரம் கழிச்சு யூரின்ல பண்ற டெஸ்ட், வாயால பண்ணியிருந்து தொண்டையில சந்தேகம்னா தொண்டையில பஞ்சு வெச்சு எடுக்கணும். ஈரல பாதிக்கிற ஹெபடைடிஸ் பி, 3 மாசம்.

அதனால கம்மி ரிஸ்க்குன்னா நான் சொல்றது இவ்வளவுதான்: உடம்புல ஏதும் தெரியலைன்னா 45 நாள் ஆனதும் ஒரு தடவ வாங்க, ஹெச்ஐவி ஃபோர்த் ஜெனரேஷன், விடிஆர்எல் ரெண்டும் எடுங்க, விடிஆர்எல் மட்டும் 3 மாசத்துல இன்னொரு தடவ. வெறும் முத்தம், கை, மசாஜ்னா அதுவும் தேவையில்ல.

எடுக்க வேண்டாத டெஸ்ட்டும் இருக்கு. ஹெர்பிஸுக்கு ரத்த டெஸ்ட் வேண்டவே வேண்டாம், உலகத்துல 50 வயசுக்கு கீழ உள்ளவங்கள்ல மூணுல ரெண்டு பேருக்கு ஹெர்பிஸ் ஒண்ணாம் வகை இருக்கு, பெரும்பாலும் சின்ன வயசுலயே தெரியாம தொத்துனது, அது பாஸிட்டிவ்னு வந்தா நேத்து வந்ததுன்னு நெனச்சு உருகுவாங்க. கொப்புளம் இருந்தா அதுல இருந்து எடுத்து பாக்குறதுதான் சரி. ஹெச்ஐவிக்கு கிருமிய நேரா தேடுற பிசிஆர் டெஸ்ட்ட பத்தாவது நாளே பாக்கலாம்னு ஆயிரக்கணக்குல வாங்குறாங்க, டாக்டர் சொல்லாம பண்ணாதீங்க. இன்னொன்ன ரொம்ப அழுத்தி சொல்றேன், இலவசமா டெஸ்ட் ஆகிரும்னு ரத்ததான முகாம்ல போய் ரத்தம் குடுக்காதீங்க. தொத்துன புதுசுல டெஸ்ட்ல தெரியாத நாள்ல குடுத்தா அந்த ரத்தம் ஏதோ ஒரு பிரசவ வார்டுல ஒரு தாய்க்கு ஏறும்.

சபருக்கு, அதாவது வெளிநாட்டு வேலைக்கு போற பசங்க கீழக்கரை, பெரியபட்டினம், தேவிபட்டினம் பக்கம் அதிகம், மெடிக்கல்ல அன்ஃபிட் ஆயிருமோன்னு தனி பயம் அவங்களுக்கு. வளைகுடாவுக்கு மெடிக்கல்ல ஹெச்ஐவி, ஹெபடைடிஸ் பி, சி, விடிஆர்எல், நெஞ்சு எக்ஸ்ரே எல்லாம் பாப்பாங்க. அதனால மெடிக்கல் தேதிக்கு முன்னாடியே நீங்களா பாத்துக்குறது நல்லது, சிபிலிஸ் இருந்தா பென்சிலின் ஊசியில சரியாயிரும். விடிஆர்எல் சில நேரம் வேற காரணத்தாலயும் பாஸிட்டிவ் காட்டும், டிபிஹெச்ஏன்னு இன்னொரு டெஸ்ட் எடுத்துத்தான் உறுதி பண்ணணும். சிபிலிஸுக்கு சிகிச்ச எடுத்து சரியானவங்களுக்கும் டிபிஹெச்ஏ பெரும்பாலும் ஆயுசுக்கும் பாஸிட்டிவாத்தான் இருக்கும், ஊசி போட்ட சீட்ட பத்திரமா வெச்சிருங்க. ஹெச்ஐவியும் ஒரு தடவ ரியாக்டிவ், அதாவது பாஸிட்டிவ்னு வந்தா அதோட முடிவு இல்ல, நம்ம நாட்டு முறைப்படி மூணு வேற வேற கிட்ல பாத்துத்தான் சொல்லணும்.

எங்க போறது

அரசு ஆஸ்பத்திரியில நம்பிக்கை மையம்னு போர்டு இருக்கும், அங்க ஹெச்ஐவி டெஸ்ட் இலவசம், டெஸ்ட்டுக்கு முன்னாடியும் பின்னாடியும் ஒரு கவுன்சலர் உக்காந்து பேசுவாங்க. ஆலோசகர்கிட்ட என்ன சொல்றதுன்னு யோசிக்க வேண்டாம், எழுதி வெச்ச பேப்பர குடுத்தா போதும். பால்வினை நோய்க்கு தனி கிளினிக்கும் உண்டு, அறிகுறிக்கு தகுந்த மாதிரி கலர் கலர் பாக்கெட்ல மருந்து போட்டு இலவசமா குடுக்குறாங்க. ஊர்ல எவனாச்சும் பாத்துருவானேன்னு கூச்சமா இருந்தா பரமக்குடிக்கு போங்க, மதுரை ராஜாஜி ஆஸ்பத்திரிக்கு போங்க, இந்த ஊருக்காரங்க இங்கதான் பாக்கணும்னு ஒண்ணும் இல்ல. 2017-ல வந்த ஹெச்ஐவி எய்ட்ஸ் சட்டப்படி உங்க சம்மதம் இல்லாம டெஸ்ட் எடுக்கவும் கூடாது, ரிசல்ட்ட வெளிய சொல்லவும் கூடாது. நேர்ல போக இன்னும் தைரியம் வரலைன்னா 1097-க்கு ஃபோன் பண்ணுங்க, காசு கெடையாது, பேரு சொல்லணும்னு இல்ல.

பஸ் ஸ்டாண்டு சுவத்துல, மூத்திரச் சந்துல ஒட்டியிருக்குற நோட்டீஸ பாத்து லாட்ஜ்ல ரூம் போட்டு வர்ற ஆளுங்ககிட்ட போகாதீங்க. மேகவெட்டை, நரம்புத்தளர்ச்சி, இந்திரியம் நஷ்டம்னு மொதல்ல பயத்த ஏத்திவிட்டுட்டு அப்புறம் லேகியம்னு ஆயிரம் ஆயிரமா உருவுவாங்க, மீன்பிடி தடைக்காலத்துல வருமானம் இல்லாத பையன் கடன் வாங்கி குடுக்குறான், பாக்க வயிறு எரியுது. மெடிக்கல் ஷாப்ல அண்ணே ஒரு ஆன்டிபயாடிக் குடுங்கன்னு கேட்டு முழுங்குறதும் அதே அளவுக்கு கெடுதல், வியாதி இல்லாதவனுக்கு வயித்தால போகும், வியாதி உள்ளவனுக்கு அறிகுறி மறைஞ்சு கிருமி பாதி செத்து பாதி சாகாம மருந்துக்கு கேக்காத மாதிரி ஆயிரும்.

காத்திருக்குற நாள்ல

45 நாள்ங்கறது நீளமான நாள், தெரியும். காலண்டர்ல தேதிய வட்டம் போட்டுட்டு வேலைக்கு போங்க. தூங்காம மட்டும் போட்ல ஏறாதீங்க, ராத்திரி வலை இழுக்குற வின்ச் பக்கம் நிக்கிறவன் கண்ணசந்தா கை போயிரும், ஒரு வாரம் தூக்கமே வரலைன்னா டாக்டர பாருங்க. ஒருத்தர்கிட்டயாவது சொல்லுங்க, வாய்க்கு பூட்டு உள்ள ஒரு மச்சானோ அண்ணனோ போதும். கல்யாணம் ஆனவங்க, காண்டம் கிழிஞ்சது மாதிரி நெசமான சந்தேகம் இருந்தா டெஸ்ட் வர்ற வரைக்கும் வீட்டுல காண்டம் போடுங்க, இல்ல தள்ளியிருங்க. கை, முத்தம், மசாஜ்னா அதுவும் வேண்டாம், புள்ளைய தூக்க பயந்து, தனித் தட்டுல சாப்பிட்டு, துண்ட தனியா காயப்போட்டு வீட்ட கலங்கடிக்காதீங்க, சேந்து சாப்பிடுறதால எந்த காலத்துலயும் ஹெச்ஐவி பரவாது.

தேதிப்படி எடுத்த டெஸ்ட்ல 'நான்-ரியாக்டிவ்', அதாவது நெகட்டிவ்னு வந்துருச்சு, அதுக்கப்புறமும் மூணாவது நாள் திரும்பி வர்றாங்க. வேற லேப்ல பாக்கலாமா, கிட் காலாவதி ஆகியிருக்குமா, என் ரத்தம் மாறியிருக்குமா. ரத்தம் எடுக்கும்போது நான் கேப்பேன், தம்பி இந்த தடவ நெகட்டிவ்னு வந்தா நம்புவியான்னு. பதில் சொல்லாம தலைய குனிஞ்சுக்குவாங்க. அப்ப பிரச்சன ரத்தத்துல இல்ல. வீட்டுல பொண்டாட்டி இருக்காளே, அம்மாவுக்கு தெரிஞ்சா என்ன ஆகும், பள்ளிவாசலுக்கு எந்த மூஞ்சிய வெச்சுகிட்டு போறது, கோயிலுக்கு மால போட்டுருக்கேனே, பாவசங்கீர்த்தனத்துல எப்படி சொல்றது, இந்த வலிதான் வியாதி பயமா வேஷம் போட்டு வருது. இத நான் சாதாரணமா நெனைக்கல, அந்த வலி உண்மையான வலி. ஆனா நான் குடுக்குற ரிப்போர்ட் கிருமி இருக்கா இல்லையான்னு மட்டும்தான் சொல்லும், மன்னிப்பு அதுல அச்சாகி வராது. அதுக்கு பேச வேண்டிய ஆள் வேற, ஃபாதரோ, ஹஜ்ரத்தோ, நம்பிக்கையான பெரியவங்களோ, நேரம் பாத்து கட்டுனவகிட்டயேவோ. அந்த பேச்ச தள்ளிப்போட்டுட்டு ரத்தத்த குடுத்துகிட்டே இருந்தா பயம் கொறையாது.

சில பேருக்கு இது மனநலப் பிரச்சனையாவே மாறிரும், திரும்ப திரும்ப சோதிக்கிறது, திரும்ப திரும்ப கழுவுறது, ஒரே கேள்விய நூறு பேர்கிட்ட கேக்குறது. இதுக்கு சிகிச்ச இருக்கு, நல்லா கேக்கும். நம்ம ஜில்லாவுல மனசுக்கு டாக்டர பாருன்னு சொன்னாலே ஜனங்களுக்கு ஏர்வாடி ஞாபகம் வந்துரும், 2001 ஆகஸ்ட் 6-ல அங்க ஒரு மனநலக் காப்பகத்துல சங்கிலியில கட்டிக் கெடந்த 28 பேர் தீயில செத்தாங்க, அந்த வேதனையும் பயமும் இன்னும் இந்த கரையில இருக்கு. ஆனா இன்னைக்கு ஜிஹெச்ல மனநல டாக்டர் ஓபி சீட்டு போட்டு பாக்குற டாக்டர்தான், பல்லு வலிக்கு போற மாதிரி போய்ட்டு வரலாம். செத்துரலாம்னு ஒரு நிமிஷம் தோணுனா கூட 14416-க்கு அடிங்க, டெலிமானஸ், எந்நேரமும் எடுப்பாங்க, தமிழ்ல பேசுவாங்க. வராத வியாதிக்கு பயந்து உசுர விட யோசிச்ச பசங்க இருக்காங்க, அதனாலதான் இவ்வளவு நீளமா எழுதுறேன்.

எங்க நிறுத்தணும்னா, சரியான நாள்ல சரியான டெஸ்ட் ஒரு தடவ, 3 மாசத்துல அந்த ரெண்டாவது விடிஆர்எல், எல்லாம் நெகட்டிவ், அங்க நிறுத்தணும். திரும்ப டெஸ்ட் எடுக்க ரெண்டே காரணம்தான், புதுசா ஏதாச்சும் நடந்திருக்கணும், இல்ல நான் மேல சொன்ன புண்ணு, சீழு, கொப்புளம் மாதிரி ஏதாச்சும் வந்து டாக்டர் பாத்து சொல்லணும். மனசு கேக்கலைங்கறது காரணம் இல்ல.

ஒருவேள பாஸிட்டிவ்னு வந்தா? அதையும் சொல்லிறேன், ஏன்னா பயத்தோட அடியில இருக்குறது இந்த கேள்விதான். 2004 ஏப்ரல்ல இருந்து நம்ம நாட்டுல ஹெச்ஐவிக்கு கூட்டு மருந்து இலவசமா குடுக்குறாங்க, இப்ப நெறைய பேருக்கு ஒரு நாளைக்கு ஒரே மாத்திரைதான். சீக்கிரம் ஆரம்பிச்சு விடாம சாப்பிட்டா மத்தவங்க மாதிரியே ஆயுசு, வேலை, கல்யாணம், கிருமி இல்லாத புள்ள எல்லாம் உண்டு. ஹெச்ஐவியோட கடலுக்கு போறவங்களும் இருக்காங்க, கடை வெச்சிருக்குறவங்களும் இருக்காங்க. அவங்கள பாத்து அருவருத்து பேசுற பேச்ச விடுங்க, அந்த பேச்சுதான் டெஸ்ட்டுக்கு வர வேண்டியவங்கள வராம பண்ணுது.

இனிமேலுக்கு ஒண்ணு ரெண்டு. ஹெபடைடிஸ் பி தடுப்பூசி சின்ன வயசுல போட்டோமான்னு தெரியலைன்னா இப்ப போடுங்க, மூணு ஊசி, மொத ஊசி போட்டு ஒரு மாசத்துல ரெண்டாவது, ஆறாவது மாசம் மூணாவது. ஹெச்பிவிக்கும் தடுப்பூசி இருக்கு, பொண்ணுங்களுக்கு கர்ப்பப்பை வாய் புத்துநோய தடுக்கும், தங்கச்சி, மகள் இருந்தா டாக்டர்கிட்ட கேளுங்க. காண்டத்த பர்ஸுக்குள்ள மாசக்கணக்கா வெச்சு உக்காராதீங்க, பைக் டேங்க் கவர்ல வெயில்ல போட்டு வெக்காதீங்க, சூட்டுல ரப்பர் கெட்டுரும். கவர்ல தேதி பாருங்க, பல்லால கிழிக்காதீங்க. தேங்காயெண்ணெய், வாஸ்லின் தடவுனா லேட்டக்ஸ் காண்டம் நிமிஷத்துல பலம் எழந்து கிழிஞ்சுரும், வழுவழுப்பு வேணும்னா மெடிக்கல்ல தண்ணியில செஞ்ச ஜெல்னு கேட்டு வாங்குங்க.